பூசாரிக்கு எல்லை வகுத்த டேவ் ஆர்னெசன்

ஒரு விளையாட்டில் ஒருவரை மட்டும் யாராலும் வெல்ல முடியவில்லை என்றால், மற்றவர்கள் எத்தனை நாள் அவருடன் ஆடுவார்கள்? 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் ஆர்னெசன் என்ற இளைஞர் இந்தச் சிக்கலில் மாட்டினார். அதற்கு அவர் கண்ட விடை இன்று உலகம் முழுவதும் ஆடப்படுகிறது. தஞ்சோங் ரம்புத்தானில் சனிக்கிழமை மாலைகளில் என் வீட்டு மேசையிலும் ஆடப்படுகிறது. (எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டதும் மருத்துவமனையை நினைத்துச் சிரிப்பவர்களே, இங்கே இப்படியும் பொழுது போகிறது.)

ஆர்னெசன் 1947 அக்டோபர் 1ஆம் தேதி பிறந்தார். பதின்ம வயதில் பெற்றோர் வாங்கித் தந்த கெட்டிஸ்பர்க் என்ற போர் விளையாட்டு அவரை இழுத்துக்கொண்டது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் வரலாறு பயின்றார். பொம்மை வீரர்களை வைத்துப் பழைய போர்களை ஆடும் குழுவில் சேர்ந்தார். அக்குழுவின் டேவிட் வெஸ்லி ஒரு புதுமை செய்திருந்தார். ஆளுக்கொரு படையை நடத்துவதற்குப் பதிலாக, ஊர்த் தலைவர், வங்கி முதலாளி என ஆளுக்கொரு மனிதராக மாறி ஆட வேண்டும்.

ஆர்னெசனுக்கு இது போதவில்லை. ஒரு வார இறுதி முழுவதும் பேய்ப் படங்கள் பார்த்து, கோனான் கதைகள் படித்து, பிளாக்மூர் என்ற கற்பனை நாட்டைப் படைத்தார். 1971இல் செயிண்ட் பால் நகரில், பெற்றோர் வீட்டு நிலவறையில் ஆட்டம் தொடங்கியது. பாத்திரங்கள் ஆட்டத்துக்கு ஆட்டம் வளர்ந்தன. அங்கேதான் வினையும் வந்தது. ஒருவரின் பாத்திரம் சர் ஃபாங் என்ற இரத்தக் காட்டேரியாக மாறிவிட்டது. நம் ஊர் பொந்தியானாக்குக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பலம் ஏறிக்கொண்டே போனது.

ஆர்னெசன் அந்தப் பாத்திரத்தை ஆட்டத்திலிருந்து துரத்தியிருக்கலாம். அவரோ அதற்கு ஏற்ற எதிராளியை உருவாக்கினார். டிராகுலா படங்களில் வரும் வான் ஹெல்சிங்கைப் போல, காட்டேரியை எதிர்க்கத் தெரிந்த சமயகுரு அவர். மைக் கார் என்ற நண்பர் அந்தப் பாத்திரத்தை ஏற்றார். கிளெரிக் என்பது அதன் பெயர். நான் பூசாரி என்றே சொல்கிறேன். திருநீறு போட்டு வேப்பிலை அடிக்கும் தோட்டத்துக் கோயில் பூசாரி, கவசம் மாட்டிக்கொண்டு சண்டைக்கும் வந்தால் எப்படி இருக்கும்? அதுதான் கிளெரிக்.

1972 இறுதியில் ஆர்னெசன் விஸ்கான்சின் மாநிலத்து கேரி கைகாக்ஸுக்குத் தம் ஆட்டத்தைக் காட்டினார். இருவர் பெயரிலும் 1974 ஜனவரியில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் மூன்று சிறு நூல்களாக வெளிவந்தது. முதல் அச்சு 1,000 பிரதிகள். அதில் பூசாரி கவசம் அணியலாம், பேய்களை விரட்டலாம். ஆனால் கூர்முனை ஆயுதம் கூடாது. முதல் நிலையில் மந்திரமும் கிடையாது. இரண்டாம் நிலைக்கு வந்த பிறகே காயம் ஆற்றும் மந்திரம் கைகூடும். என்னைக் கேட்டால், அந்த நூல்களிலேயே அழகான விதி இதுதான்.

ஏனென்றால் பூசாரியின் அளவைச் சரியாக வைப்பது மிகக் கடினம். எங்கள் மேசையில் பூசாரியாக ஆடும் படிவம் 4 மாணவி, சுற்றுக்குச் சுற்று மற்றவர்களுக்கு மருந்து போட்டுக் களைத்து, தான் என்ன கிளினிக் தாதியா என்று கேட்டாள். நியாயமான கேள்வி. அந்தச் சலிப்பைப் போக்க மந்திரங்களை அள்ளிக் கொடுத்தால் என்ன ஆகும்? 2000ஆம் ஆண்டுப் பதிப்பை மற்றவர்கள் எழுதினார்கள். அதில் பூசாரிக்கு மந்திரவாதியைப் போலவே ஒன்பதாம் நிலை வரை மந்திரங்கள் கிடைத்தன. கனத்த கவசமும் இருந்தது. தன் மேல் தானே மந்திரம் போட்டுக்கொண்ட பூசாரி அருகில், வாள் பிடித்தவன் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று.

2014 பதிப்பின் கணக்கைப் பாருங்கள். முதல் நிலைப் பூசாரி ஒரு நாளைக்கு இரண்டு முறைதான் முதல் நிலை மந்திரம் போட முடியும். காயம் ஆற்ற எட்டு முகப் பகடை உருட்டி, வழக்கமாக 3 கூட்டுகிறோம். சராசரி 7.5. எதிரில் நிற்கும் ஓர் ஓர்க் அரக்கனின் கோடரி வெட்டோ பன்னிரண்டு முகப் பகடையுடன் 3; சராசரி 9.5. வெட்டு விழுந்தால், மருந்தைவிடக் காயம் பெரிது. ஆகவே சண்டை நடுவே மருந்து போட்டுக்கொண்டே இருப்பது நட்டம். கீழே சாய்ந்தவனை எழுப்ப மட்டும் அதை வைத்துக்கொள்ள வேண்டும். மனத்தை ஒருமுகப்படுத்தி நிறுத்த வேண்டிய மந்திரங்களிலும், ஒரு நேரத்தில் ஒன்றே ஒன்றுதான் செல்லும். இதைக் கணக்குப் போட்டுக் காட்டியதும் அந்த மாணவி தண்டாயுதத்தைக் கையில் எடுத்துவிட்டாள்.

ஆர்னெசனின் சொந்த வாழ்க்கையில் தராசு நேராக நிற்கவில்லை. 1976இல் கைகாக்ஸின் டி.எஸ்.ஆர். நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து, அதே ஆண்டில் விலகினார். பின்னர் வந்த மேம்பட்ட பதிப்பு கைகாக்ஸ் பெயரில் மட்டும் விற்கப்பட்டது. 1979இல் ஆர்னெசன் வழக்குத் தொடுத்தார். 1981இல் சமரசம் ஏற்பட்டு, இருவரும் இணைப் படைப்பாளர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. ஆனாலும் இன்று பலருக்குத் தெரிந்தது கைகாக்ஸ் பெயர் மட்டுமே.

1999 முதல் 2008 வரை புளோரிடாவின் ஃபுல் செய்ல் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விதிகள் பற்றிய பாடம் நடத்தினார். ஒரு விளையாட்டுக்குச் சமநிலையான விதிகளை உருவாக்கி, பிறருக்குப் புரியும்படி எழுதி வைக்க அங்கே மாணவர்கள் பழகினார்கள். உங்களில் சிலர் பிறப்பதற்கு முன்பே, 2009 ஏப்ரல் 7ஆம் தேதி, தம் 61ஆம் வயதில் புற்றுநோயால் காலமானார்.