ஆறுமுக நாவலர்

ஆறுமுக நாவலர் (டிசம்பர் 18, 1822 - டிசம்பர் 5, 1879) யாழ்ப்பாணத்தில் பிறந்த சைவ அறிஞர், பதிப்பாசிரியர், உரைநடை ஆசிரியர் ஆவார். சைவ சமயக் கல்வியையும் பொதுக் கல்வியையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்துக் கற்பிக்கும் முறையைத் தமிழர் நடுவே தொடங்கி நடத்தியவர்களுள் முதன்மையானவர்.

இளமை

நல்லூரில் கந்தர், சிவகாமி தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார். சேனாதிராச முதலியார், சரவணமுத்துப் புலவர் ஆகியோரிடம் தமிழ் கற்றார். யாழ்ப்பாணத்தில் இருந்த மெதடிஸ்த மிசன் ஆங்கிலப் பாடசாலையில் (பின்னாளில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி) ஆங்கிலம் பயின்று, அங்கேயே ஆசிரியரானார். அதன் தலைவராக இருந்த பேர்சிவல் பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்கு உதவினார்.

இப்பணி அவரது வாழ்வில் முக்கியமானது. மிசன் பள்ளிகளின் வலிமை எங்கிருந்து வந்தது என்பதை அவர் உள்ளிருந்தே கண்டார். வகுப்புப் பிரிவு, அச்சிட்ட பாடநூல், முறையான வினாவிடை ஆகியவை அங்கு இருந்தன. திண்ணைப் பள்ளிகளில் அவை இல்லை. அரசு வேலைக்கு ஆங்கிலக் கல்வி தேவைப்பட்டது. அதை நாடிச் சென்ற சைவப் பிள்ளைகள் கிறித்தவப் பாடத்தையும் சேர்த்தே கற்க வேண்டியிருந்தது.

சைவப்பிரகாச வித்தியாசாலை

1847 டிசம்பர் 31 அன்று வண்ணார்பண்ணை வைத்தீசுவரன் கோயிலில் முதல் சமயச் சொற்பொழிவை நிகழ்த்தினார். 1848 இல் அவ்வூரில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, மிசன் ஆசிரியப் பணியை விட்டு விலகினார். சம்பளம் தந்த வேலையை விட்டு, வருமானம் இல்லாத பள்ளியை அவர் ஏற்றுக்கொண்டார். பள்ளிச் செலவுக்கு ஊராரிடம் நன்கொடையும் பிடியரிசியும் பெறப்பட்டன.

பாடநூல் இல்லாதது அடுத்த இடராயிற்று. 1849 இல் அச்சியந்திரம் வாங்கத் தமிழகம் சென்றபோது திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. வண்ணார்பண்ணையில் அமைத்த வித்தியாநுபாலன யந்திரசாலையில் இருந்து பாலபாடங்கள், சைவ வினாவிடை, இலக்கணச் சுருக்கம் முதலியன வெளிவந்தன. படிநிலைப்படி அமைந்த பாலபாடங்கள் எழுத்தில் தொடங்கி, நீதி, கடவுள் வழிபாடு முதலியவற்றைப் பற்றிய கட்டுரைகள் வரை செல்கின்றன. வாசிப்புப் பாடமே சமயப் பாடமாகவும் அமைந்தது. இலங்கைப் பூமிசாத்திரம் போன்ற பொதுப்பாட நூலையும் அவர் வெளியிட்டார். கேள்வியும் விடையுமாகச் சமயத்தைக் கற்பிக்கும் சைவ வினாவிடை, மிசன் பள்ளிகளில் அவர் கண்ட முறையையே சைவத்துக்குப் பயன்படுத்தியது எனலாம்.

1864 இல் சிதம்பரத்திலும் இதே பெயரில் ஒரு வித்தியாசாலையை நிறுவினார். அது இன்று ஆறுமுக நாவலர் மேனிலைப்பள்ளியாக உள்ளது.

ஏறத்தாழ இதே காலத்தில் செருமனியின் பிராங்க்பேர்ட் நகரில் யூத மதகுரு சாம்சன் ராபேல் ஹிர்ஷ் ஒரு பள்ளியைத் தொடங்கினார் (1853). அங்கு எபிரேயமும் தோராவும் கணிதம், அறிவியல், செருமன் மொழி ஆகியவற்றுடன் ஒருங்கே கற்பிக்கப்பட்டன. இருவருக்கும் தொடர்பு எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. எனினும், காலத்துக்கேற்ற கல்வியைப் பெற முன்னோர் சமயத்தைக் கைவிட வேண்டுமா என்னும் ஒரே கேள்விக்கே இருவரும் விடை தேடினர்.

ஆங்கிலப் பள்ளி முயற்சி

தமிழ்வழிப் பள்ளிகளால் மட்டும் மாணவர்களை மிசன் கல்வியில் இருந்து மீட்க இயலாது என்பதை நாவலர் உணர்ந்திருந்தார். 1872 இல் வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். நிதிப் பற்றாக்குறையால் சில ஆண்டுகளிலேயே அது மூடப்பட்டது. ஆங்கில ஆசிரியர்களுக்குச் சம்பளம் வழங்கப் பிடியரிசி போதாது.

அவர் மறைந்தபின் 1888 இல் சைவபரிபாலன சபை தோன்றியது. அதன் முயற்சியால் 1890 இல் நிலைபெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி, அவரால் இயலாது போனதைச் செய்து காட்டியது.

விமர்சனம்

நாவலர் தம் நூல்களில் சாதி ஆசாரத்தை வலியுறுத்தினார். இதனால் அவரது கல்விப்பணியின் பயன் பெரிதும் உயர்சாதிச் சைவர்களுக்கே கிட்டியது எனப் பிற்கால ஆய்வாளர்கள் குறை கூறுவர். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் பலருக்கு முதலில் கல்வி அளித்தவை அவர் எதிர்த்த மிசன் பள்ளிகளே என்பதும் மறுக்க இயலாதது.

இலங்கையில் க.பொ.த. சாதாரண தரத் தேர்வில் சமயம் ஒரு பாடமாக உள்ளது. சைவ மாணவர் கணிதம், விஞ்ஞானம் ஆகியவற்றுடன் சைவநெறியையும் எழுதுகின்றனர்.