மூன்று தீபாவளிகள்: தியாகராஜ பாகவதரின் வாழ்வும் புகழும்

திரைப்படமொன்றின் வெற்றியை இக்காலத்தார் அது ஈட்டிய கோடிகளைக் கொண்டு அளக்கின்றனர். நாணயத்தின் பெறுமதியும் நுழைவுச் சீட்டின் விலையும் ஆண்டுதோறும் மாறுவனவாதலால், இவ்வாண்டின் வசூற் சாதனை அடுத்த ஆண்டில் முறியடிக்கப்பட்டு மறக்கப்படுகிறது. முன்னைய தலைமுறையினர் கைக்கொண்ட அளவுகோல் வேறு. ஒரு படம் ஒரே படமாளிகையில் எத்தனை நாள் தொடர்ந்து ஓடியது என்றே அவர்கள் கேட்டனர். அவ்வளவுகோலைக் கையிலெடுப்போர் முதலிற் குறிப்பிடும் தமிழ்ப் படம், 1944ஆம் ஆண்டில் வெளிவந்த ஹரிதாஸ். சென்னைப் பிராட்வே படமாளிகையில் அப்படம் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அதன் நாயகர் எம். கே. தியாகராஜ பாகவதரோ அம்மூன்றில் இரண்டு தீபாவளிகளைச் சிறையிற் கழித்தார். வெண்திரையில் நிழல் பாடிக்கொண்டிருக்க, பாட்டுக்குரியவர் சிறைச்சுவருக்குள் இருந்த அக்காலத்தை விளங்கிக்கொள்வதற்கு அவர் வாழ்க்கையைத் தொடக்கத்திலிருந்தே நோக்குதல் வேண்டும்.

தியாகராஜன் 1910ஆம் ஆண்டு மார்ச் மாதம் மாயூரத்திற் பொற்கொல்லர் குடும்பமொன்றிற் பிறந்தார். பின்னர் அக்குடும்பம் திருச்சிராப்பள்ளியிற் குடியேறியது. பள்ளிப் படிப்பிற் சிறுவனின் மனம் பற்றவில்லை; பாட்டிலேயே பற்றியது. அந்நாளில் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக விளங்கியவரும் நாடகக் கலையில் பெரும் ஈடுபாடு உடையவருமான எப். ஜி. நடேச ஐயர், தமது சபா நடத்திய அரிச்சந்திர நாடகத்தில் லோகிதாசன் வேடத்திற்கு அச்சிறுவனைத் தேர்ந்தெடுத்தார். பத்து வயதில் மேடையேறிய பிள்ளையின் குரல் கேட்டோரைக் கவர்ந்தது. அதன்பின் வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் முறைப்படி கர்நாடக இசை பயின்றார். பாகவதர் என்னும் பட்டம் இளமையிலேயே அவர் பெயரோடு சேர்ந்துகொண்டது.

அக்காலத்து நாடக மேடையில் நடிகனின் முதற்பெருந் தகுதி குரல்தான். ஒலிபெருக்கியின் துணையின்றிக் கடைசி வரிசையில் இருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். உச்சத் தாயியில் நின்று சொல் சிதையாது பாட வல்ல பாகவதர் அம்மேடைக்கென்றே பிறந்தவர் போல விளங்கினார். அவர் நடித்துப் புகழ்பெற்ற பவளக்கொடி நாடகம், கே. சுப்பிரமணியத்தின் இயக்கத்தில் 1934ஆம் ஆண்டு திரைப்படமாக வெளிவந்தது. அருச்சுனனாகப் பாகவதரும் பவளக்கொடியாக எஸ். டி. சுப்புலட்சுமியும் தோன்றினர். ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் கொண்ட அப்படத்தைப் பார்க்கச் சென்றோர், உண்மையில் ஒரு நாடகக் கச்சேரியைக் கேட்கவே சென்றனர் எனலாம்.

1937ஆம் ஆண்டு பாகவதரின் புகழுக்கு அடித்தளமிட்ட ஆண்டு. அவ்வாண்டில் ஒய். வி. ராவ் இயக்கிய சிந்தாமணியும், எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய அம்பிகாபதியும் வெளிவந்தன. சிந்தாமணி ஒரே படமாளிகையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய முதல் தமிழ்ப் படம் என்னும் பெருமையைப் பெற்றது. அதனைத் தயாரித்த மதுரை ராயல் டாக்கீஸ் நிறுவனத்தார், கிடைத்த இலாபத்தைக் கொண்டு மதுரையில் ஒரு படமாளிகையைக் கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயரிட்டனர். ஒரு படம் தன் பெயரால் ஒரு மாளிகையை எழுப்பியது என்றால், மக்கள் அதற்கு அளித்த வரவேற்பை வேறு கணக்கால் விளக்க வேண்டியதில்லை. அம்பிகாபதியை இயக்கிய டங்கன் தமிழறியா அமெரிக்கர். ஆயினும் மணிக்கொடி எழுத்தாளர்களுள் ஒருவரான இளங்கோவன் அப்படத்திற்கு எழுதிய உரையாடல், தமிழ்த் திரையில் எழுத்தாளனுக்கு முதன்முறையாக ஒரு மதிப்பைத் தேடித் தந்தது. இளங்கோவனின் வசனமும் பாபநாசம் சிவனின் பாடல்களும் பாகவதரின் குரலும் ஒன்று சேர்ந்தமையே பின்வந்த வெற்றிகளுக்குக் காரணமாயிற்று.

திருநீலகண்டர் 1939இலும், அசோக்குமார் 1941இலும், சிவகவி 1943இலும் வெளிவந்தன. ஒவ்வொரு படமும் முன்னையதன் புகழை வளர்த்தது. பாகவதரின் பாடல்கள் இசைத்தட்டுக்களாகி, படமாளிகை இல்லாத சிற்றூர்களிலும் ஒலித்தன. பின்னோக்கி வாரித் தோளளவும் தொங்கவிட்ட அவரது சிகையழகை இளைஞர் பலர் பின்பற்றினர். பாகவதர் கிராப் என்னும் தொடரே வழக்கில் வந்தது. தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரம் இவரே என்று பிற்காலத்தார் கூறுவது மிகையன்று.

இந்நிலையில் 1944ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, தீபாவளித் திருநாளன்று, ஹரிதாஸ் திரைக்கு வந்தது. சுந்தர் ராவ் நட்கர்ணி இயக்கிய அப்படத்தின் கதை எளியது. பெற்றோரைப் புறக்கணித்து, மனைவியின் சொற்கேட்டும் தாசியின் மையலில் அழுந்தியும் வாழ்ந்த ஒருவன், கால்களை இழந்து, செருக்கு அடங்கி, தாய் தந்தையர்க்குத் தொண்டு செய்வதே இறைவழிபாடு எனத் தெளிகிறான். பக்தவிஜயக் கதையை அறிந்த மக்களுக்கு இது புதிய கதையன்று. ஆனால் பாடல்கள் புதியவை. டி. ஆர். ராஜகுமாரியின் நடனமும், என். எஸ். கிருஷ்ணன், டி. ஏ. மதுரம் ஆகியோரின் நகைச்சுவையும் படத்திற்குச் சுவையூட்டின.

இப்படம் நூறு வாரங்களுக்கு மேல் ஓடியமைக்கு அதன் சிறப்பு மட்டுமே காரணம் என்று கூறுதல் முழு உண்மையாகாது. அது உலகப் போர்க் காலம். படச்சுருளுக்குப் பெருந் தட்டுப்பாடு நிலவியது. எந்தப் படமும் 11,000 அடியை மிஞ்சலாகாது என்று இந்திய அரசாங்கம் 1943இல் விதித்திருந்தது. புதிய படங்கள் அருகியே வெளிவந்தன. ஆகவே வெற்றி பெற்ற ஒரு படத்தை மாளிகையிலிருந்து வெளியேற்றப் போட்டிப் படங்கள் மிகுதியாக இருக்கவில்லை. எனினும், போட்டி குறைந்தமை ஒரு படத்தை மாளிகையில் நிறுத்தி வைக்கலாமேயன்றி, கண்ட படத்தையே காண மக்களை மீண்டும் மீண்டும் அழைத்துவர மாட்டாது. அவர்களை அழைத்து வந்தது அந்தக் குரலேயாகும்.

படம் வெளிவந்து மூன்று வாரங்களே சென்றிருந்தன. நவம்பர் 8ஆம் திகதி, திரையுலகினரின் சொந்த வாழ்வைப் பற்றி அவதூறு எழுதிவந்த இந்துநேசன் பத்திரிகையின் ஆசிரியர் லட்சுமிகாந்தன் சென்னையிற் கத்தியாற் குத்தப்பட்டு, மறுநாள் உயிர் நீத்தார். டிசெம்பர் மாத இறுதியில் இவ்வழக்கின் தொடர்பாகப் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் கைதுசெய்யப்பட்டனர். 1945ஆம் ஆண்டு மே மாதத்தில், ஜூரிமாரின் பெரும்பான்மைத் தீர்ப்பையொட்டி, இருவருக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களது மேன்முறையீட்டையும் தள்ளியது.

அவ்வாண்டுத் தீபாவளிக்கும் பிராட்வேயில் ஹரிதாஸ் ஓடியது. அடுத்த ஆண்டுத் தீபாவளிக்கும் ஓடியது. பாகவதரை வைத்துப் படமெடுக்க ஒப்பந்தம் செய்திருந்தோர் தம் பணத்தைத் திரும்பப் பெற்றனர். படமாளிகைக்கு வந்த மக்களோ வருகையை நிறுத்தவில்லை. குற்றம் புரிந்தவன் தண்டனை பெற்று, மனந்திருந்தி, இறையருளை அடையும் கதையை, அந்நாயகன் வேடம் பூண்டவரே தண்டனைக்குள்ளாகி இருந்த நாட்களில் அவர்கள் கண்டனர். அக்கதையில் அவர்கள் இரட்டிப்புப் பொருளை உணர்ந்திருத்தல் கூடும். அவர் குற்றமற்றவர் என்று நம்பியோரும் பலர். எவ்வாறாயினும், ஒருவர் புகழும் துயரமும் ஒரே காலத்தில் இவ்வளவு உச்சத்தில் நின்ற நிகழ்ச்சி திரையுலக வரலாற்றில் அரிது.

வழக்கு இலண்டனிலுள்ள பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. மேன்முறையீட்டை மீண்டும் விசாரிக்குமாறு அங்கிருந்து பணிப்பு வந்தது. சென்னை உயர் நீதிமன்றில் வழக்கறிஞர் வி. எல். எத்திராஜ் வாதாடினார். 1947ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இருவரும் குற்றமற்றவர்கள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டு விடுதலை பெற்றனர். சட்டத்தின் முன் பாகவதரின் மானம் மீண்டது. ஆனால், அவர் விட்டுச் சென்ற உலகம் அவருக்காகக் காத்திருக்கவில்லை.

1948இல் வெளிவந்த ராஜமுக்தி அவருடைய மறுவருகைப் படம். புனா நகரில் உருவாகிய அப்படத்திற்கு உரையாடல் எழுதச் சென்றவர் சிறுகதை மேதை புதுமைப்பித்தன். அங்கே காசநோய் முற்ற, அவர் அவ்வாண்டிலேயே மறைந்தார். படமும் தோல்வியுற்றது. ஹரிதாஸை ஈராண்டு ஓடச்செய்த மக்கள் ராஜமுக்தியைச் சில வாரங்களிலேயே கைவிட்டனர். சிறைக்கு முன் ஒன்பது படங்களில் நடித்த பாகவதர், சிறைக்குப் பின் ஐந்து படங்களில் நடித்தார். அவற்றுள் ஒன்றேனும் பழைய வெற்றியை எட்டவில்லை.

சிறைவாசமே அவரை வீழ்த்தியது என்று கூறுவோர் உளர். இக்கூற்று ஆராயத்தக்கது. அதே சிறையிலிருந்து அதே நாளில் மீண்ட என். எஸ். கிருஷ்ணன் 1949இல் நல்லதம்பியிலும், 1951இல் மணமகளிலும் மீண்டும் மக்கள் உள்ளத்தைக் கவர்ந்தார். ஆகவே மக்கள் வெறுத்தது சிறை சென்றவரையன்று. அவர்கள் சுவை மாறியிருந்தது. பின்னணிப் பாடகர் முறை பரவியமையால், நடிகன் பாட வேண்டும் என்னும் நியதி தளர்ந்தது. அடுக்குமொழி வசனம் பாட்டின் இடத்தைப் பிடித்தது. பாகவதரின் அமரகவியும் சியாமளாவும் வெளிவந்த 1952ஆம் ஆண்டிலேதான், தீபாவளித் திருநாளன்று, பராசக்தி வெளிவந்தது. வசன வன்மையால் வென்ற அப்படம், பாட்டு ஆண்ட காலம் முடிந்தது என்பதை ஐயமின்றி உணர்த்தியது. ஹரிதாஸுக்கு அரியணை தந்த அதே பண்டிகை, எட்டு ஆண்டுகளின் பின் அதனை வேறொருவருக்கு வழங்கியது.

1957இல் புதுவாழ்வு என்னும் படத்தைப் பாகவதர் தாமே இயக்கி நடித்தார். தலைப்பில் இருந்த நம்பிக்கை நிறைவேறவில்லை. எனினும் அவர் பாடுவதை நிறுத்தினாரல்லர். கச்சேரி மேடைகளில் அவர் குரலுக்கு என்றும் மதிப்பிருந்தது. நீரிழிவு நோய் உடலை வாட்ட, 1959ஆம் ஆண்டு நவம்பர் முதலாம் திகதி சென்னைப் பொது மருத்துவமனையில் அவர் காலமானார். அப்பொழுது அவருக்கு வயது நாற்பத்தொன்பது. தீபாவளி கழிந்த மறுநாள் அது. அவர் நடித்த சிவகாமி என்னும் படம் அவர் மறைவின் பின் 1960இல் வெளிவந்தது.

ஹரிதாஸின் சாதனை அறுபது ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது. 2005ஆம் ஆண்டில் வெளிவந்த சந்திரமுகி, சென்னைச் சாந்திப் படமாளிகையில் அதனினும் கூடிய நாட்கள் ஓடிற்று. எண்ணால் நிறுவப்பட்ட பெருமையை மற்றோர் எண் வந்து நீக்குதல் இயல்பே. ஆயின் பாகவதர் விட்டுச்சென்றவை அனைத்தும் எண்ணில் அடங்குவனவல்ல. மதுரையில் அவர் பாடல்களைப் பாடிப் பாடித் தம் குரலைப் பண்படுத்திக்கொண்ட இளைஞர் டி. எம். சௌந்தரராஜன், பின்னர் சிவாஜி கணேசனுக்கும் எம். ஜி. இராமச்சந்திரனுக்கும் குரல் கொடுத்தார். அவ்விராமச்சந்திரன் அசோக்குமாரில் பாகவதரோடு சிறு வேடத்தில் தோன்றியவர். பாகவதரின் இடத்தைப் பெற்ற நாயகர்கள் வாயசைத்த பாடல்களிலும் பாகவதர் வழிவந்த பயிற்சியே ஒலித்தது என்பதை எண்ணிப் பார்த்தல் தகும்.

மக்கள் ஒரு கலைஞன்பால் வைக்கும் அன்பு மெய்யானது. அது அவனுடைய நிழலுக்கும் குரலுக்கும் உரியது. அவன் முதுமைக்கும் பிணிக்கும் தோல்விக்கும் துணைவரும் என எதிர்பார்த்தல் இயலாது. பிராட்வே வாசலில் மூன்று தீபாவளிகளாக நின்றோர் பாகவதருக்கு அளித்தது பெரிது. அவர்களுக்குப் பாகவதர் அளித்த பாட்டு, படமாளிகை விளக்குகள் அணைந்த பின்னும், மூன்று தலைமுறைகள் கடந்த பின்னும், கேட்போர் செவியில் இன்றும் இனிக்கிறது.