ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி

ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜி (செப்டம்பர் 16, 1893 – அக்டோபர் 22, 1986) அங்கேரியில் பிறந்த உயிர்வேதியியலாளர் ஆவார். உயிர்ச்சத்து சி, உயிரணுக்களில் நிகழும் எரிதல் வினைகள் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்காக 1937 ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். பொதுவாக உயிர்ச்சத்து சி-யோடு சேர்த்தே இவர் நினைவுகூரப்படுகின்றார். எனினும், புரதங்கள் வேதியாற்றலை இயக்கமாக மாற்றுவதை உடலுக்கு வெளியே செய்து காட்டிய இவரது தசை ஆய்வுகள் அதற்குச் சற்றும் குறைந்தவை அல்ல.

வாழ்க்கை

புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோது முதல் உலகப்போரில் படையில் சேர்க்கப்பட்டார். போரில் வெறுப்புற்று 1916 இல் தன் கையில் தானே சுட்டுக்கொண்டு, எதிரியின் குண்டு பட்டதாகக் கூறி ஊர் திரும்பினார். மறு ஆண்டு மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் நெதர்லாந்தின் குரோனிங்கனிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் ஆய்வு செய்தார். 1930களின் தொடக்கத்தில் செகெட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அவ்வூரில் மிகுதியாக விளையும் மிளகாய் வகையான பாப்ரிகாவிலிருந்தே உயிர்ச்சத்து சி-யைப் பெருமளவில் பிரித்தெடுத்தார்.

தசை ஆய்வுகள்

தசைப் புரதமான மயோசின், அடினோசின் டிரைபாஸ்பேட் (ஏடிபி) என்னும் சேர்மத்தைச் சிதைக்க வல்லது என்று சோவியத் ஒன்றியத்தின் எங்கெல்கார்ட், லியூபிமோவா இருவரும் 1939 இல் அறிவித்தனர். ஆற்றலை வெளியிடும் பொருளும் இயங்கும் பொருளும் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு இது முதல் தடயமாக அமைந்தது.

செகெட் ஆய்வுக்கூடத்தில் இலோனா பாங்கா, அரைத்த தசையை உப்புக் கரைசலில் ஓரிரவு முழுவதும் வைத்திருந்தபோது, வழக்கத்தை விட மிகவும் பாகுத்தன்மை கொண்ட சாறு கிடைத்தது. ஏடிபி சேர்த்ததும் அது நீர்த்துப்போனது. சென்ட்-ஜியார்ஜி இப்பொருளை மெல்லிய இழைகளாக இழுத்து, கொதிக்கவைத்த தசைச் சாற்றை அவற்றின் மேல் இட்டார். இழைகள் சுருங்கின. சாற்றில் இருந்த ஏடிபியும் உப்பு அயனிகளுமே இதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. உயிருள்ள தசையின் செயல் ஒரு கண்ணாடித் தட்டில் நிகழ்ந்த அந்த நாளைத் தம் வாழ்வின் மிகச் சிலிர்ப்பூட்டிய அனுபவமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

குறுகிய நேரத்தில் எடுக்கப்பட்ட மயோசின் மட்டும் சுருங்கவில்லை. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் மயோசினோடு கலந்திருந்த மற்றொரு புரதம் என்பதை புரூனோ ஸ்ட்ராப் 1942 இல் கண்டறிந்தார். அது ஆக்டின் எனப்பட்டது.

போர்க்காலம்

இவை நடந்தது இரண்டாம் உலகப்போரின் நடுவே. 1943 இல் சொற்பொழிவாற்றும் சாக்கில் இஸ்தான்புல் சென்ற சென்ட்-ஜியார்ஜி, அங்கேரி போரிலிருந்து விலகுவது பற்றி நேச நாடுகளுடன் இரகசியமாகப் பேசினார். செய்தி ஜெர்மானியருக்கு எட்டியது. முதலில் வீட்டுக்காவல், 1944 இல் தலைமறைவு என்று போர் முடியும் வரை உயிர்தப்பி வாழ்ந்தார். குழுவின் முடிவுகளை வெளியுலகம் முழுமையாக அறிந்தது 1945 இல் சுவீடனின் உடலியங்கியல் இதழொன்று அவற்றை வெளியிட்ட பின்னரே.

பிந்தைய ஆய்வு

1947 இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, மாசச்சூசெட்சின் உட்ஸ் ஹோலில் ஆய்வைத் தொடர்ந்தார். 1949 இல் முயலின் தசை நார்களைக் கிளிசரின் கரைசலில் குளிரில் வைத்துப் பாதுகாத்தார். நெடுநாள் கழித்தும் ஏடிபி இட்டதும் அவை இழுவிசையோடு சுருங்கின.

ஆயினும் அவரது விளக்கம் நிலைக்கவில்லை. புரத இழைகளே மடிந்து குறுகுகின்றன என்று அவர் கருதினார். இழைகள் குறுகுவதில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்கின்றன என்று 1954 இல் இரு குழுக்கள் தனித்தனியே காட்டின. மயோசினின் தலைப்பகுதி ஏடிபியைப் பற்றியதும் ஆக்டினை விட்டு விலகுகின்றது. ஏடிபியைச் சிதைத்து நிலைமாறி, ஆக்டினின் வேறோரிடத்தைப் பற்றுகின்றது. பாஸ்பேட் வெளியேறும் கட்டத்தில் சாய்ந்து ஆக்டினைச் சில நானோமீட்டர் தொலைவு இழுக்கின்றது. பாங்காவின் சாறு ஏடிபியால் நீர்த்ததும் இந்த விலகலாலேயே. இறந்தபின் ஏடிபி தீர்ந்துவிடுவதால் தலைகள் விடுபட இயலாமல் உடல் விறைக்கின்றது.

பிற்காலத்தில் புற்றுநோய் ஆய்வில் ஈடுபட்ட சென்ட்-ஜியார்ஜி, 1986 இல் உட்ஸ் ஹோலில் காலமானார்.