விபுலானந்த அடிகளும் வாழ்க்கை நீரோட்டமும்

நிந்தவூரிலிருந்து கல்முனை நோக்கி வடக்கே செல்லும் பெருந்தெருவிலே முதலில் எதிர்ப்படும் ஊர் காரைதீவு. வயலும் கடலும் தென்னஞ்சோலையும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் அவ்வூரிலே, 1892-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே, சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாகத் தோன்றியவர் மயில்வாகனன். பிற்காலத்திலே சுவாமி விபுலானந்தர் எனத் தமிழுலகம் போற்றிய பெரியார் இவரே. அயலூரவர் ஆதலால், அடிகளாரை நாம் சிறுவயது முதல் நம்வீட்டுப் பெரியவர் ஒருவரைப் போலவே எண்ணி வளர்ந்தோம்.

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் சங்கத்தார் பணித்தபோது நாம் மனத்தெளிவோடு இருந்தோமல்லோம். வைத்தியத்துறையை விரும்பி உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றினோம். வெட்டுப்புள்ளி சிறிதளவால் தவறியது. விஞ்ஞானபீடத்திலே இடம் கிடைத்தது. ஓராண்டு காலம் விரிவுரை மண்டபத்திலே உடல் இருந்தது. உள்ளம் மட்டும் கிடையாது போன இடத்தையே சுற்றித் திரிந்தது. அந்நிலையிலேதான் அடிகளாரின் வரலாற்றை மீண்டும் எடுத்துப் படித்தோம். முன்னர்ப் படித்த காலத்திலே அவர் பெற்ற பட்டங்களும் பதவிகளுமே கண்ணிற்பட்டன. இம்முறை அவற்றுக்கு இடையேயுள்ள திருப்பங்கள் கண்ணிற்பட்டன. அத்திருப்பங்களைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுகின்றோம்.

மயில்வாகனனார் கல்முனையிலே மெதடிஸ்த மிஷன் பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பிலே புனித மைக்கேல் கல்லூரியிலும் கல்வி பயின்றார். சைவக் குடும்பத்திலே பிறந்த பிள்ளைக்கு அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி கிடைத்த வழி மிஷன் பாடசாலை வழியே. அவ்வழியிலே அவர் தயக்கமின்றி நடந்தார். அதனாலே தம் சமயத்தை விட்டாரும் அல்லர், தமக்குக் கல்வி தந்தாரை இகழ்ந்தாரும் அல்லர். மிஷன் தோற்றுவித்த பாடசாலையிலே படித்த நமக்கு இஃது எளிதில் விளங்குகின்றது. வீட்டிலே திருநீறும் பாடசாலையிலே காலைச் செபமுமாக வளர்ந்த நாம், இரண்டையும் பகையாக எண்ணியதில்லை.

பதினாறாவது வயதிலே கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் அவர் தேறினார். பின்பு கொழும்பிலே ஆசிரியப் பயிற்சி பெற்று ஆசிரியரானார். ஆசிரியத்தொழிலோடு அமையாது கொழும்பு அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிலே விஞ்ஞானம் கற்று 1916-ஆம் ஆண்டிலே டிப்ளோமா பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதத் தேர்விலும் தேறினார். இருவேறு திசைகளில் ஒருங்கே செல்கின்றாரே, இவர் எதிலே நிலைப்பார் என்று அந்நாளிலே அயலவர் ஐயுற்றிருந்தால் அதில் வியப்பில்லை. 1917-ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலே விஞ்ஞான ஆசிரியரானார். 1920-ஆம் ஆண்டில் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்று மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார்.

இருபத்தெட்டு வயதிலே அதிபர் பதவி கிடைத்தவர் அதனை இறுகப் பற்றிக்கொண்டு முதுமை வரை இருந்திருக்கலாம். ஆயின் 1922-ஆம் ஆண்டிலே அதனை விடுத்துச் சென்னை சென்று இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். பிரபோத சைதன்யர் என்னும் பெயரோடு பயிற்சி பெற்று, 1924-ஆம் ஆண்டில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று விபுலானந்தர் ஆனார். துறவியார்க்குத் தம் விருப்பம் என ஒன்றில்லை. சங்கம் எங்கே அனுப்புகின்றதோ அங்கே செல்லவேண்டும். இராமகிருஷ்ண விஜயம் என்னும் தமிழ் இதழையும் வேதாந்த கேசரி என்னும் ஆங்கில இதழையும் நடத்தும் பணி வந்தது, செய்தார். 1925-ஆம் ஆண்டில் ஈழத்துக்கு மீண்டு பாடசாலைகளை மேற்பார்க்கும் பணி வந்தது, அதனையும் செய்தார். 1929-ஆம் ஆண்டிலே கல்லடி உப்போடையில் எழுந்த சிவானந்த வித்தியாலயம் தம் குருவின் பெயரால் அவர் நிறுவியதே. இன்றும் நம் பகுதிப் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர்.

1931-ஆம் ஆண்டிலே அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. சென்றார். 1933-ஆம் ஆண்டில் அப்பதவியினின்றும் விலகினார். 1936-ஆம் ஆண்டிலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே அறிந்தார் ஒருவர் வேண்டியிருந்த இடம் அது. பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள மாயாவதி ஆசிரமத்திலே பிரபுத்த பாரத இதழின் ஆசிரியரானார். கடற்கரை மணலிலே நடை பழகிய கால்கள் பனிமலைப் பாதையிலே நடந்தன. 1943-ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் கொழும்புக்கு வந்தார்.

இவ்வரலாற்றைப் படிப்போர் உள்ளத்திலே ஒரு வினா எழும். நீரின் போக்கிலே சென்ற மரக்கட்டைக்கும் அடிகளாருக்கும் வேற்றுமை யாது? கட்டையும் ஓட்டத்தோடுதான் செல்கின்றது. இவ்வினாவுக்கு விடை நம்மூர் வட்டையிலேயே உண்டு. வேளாண்மை செய்வோர் வாய்க்காலில் வரும் நீரைத் திட்டுவதில்லை. மேட்டுக்கு ஏறு என்று அதனோடு மல்லுக்கு நிற்பதுமில்லை. வரம்பிலே வக்கடை வெட்டி, அது செல்லும் பக்கமே செல்லவிட்டு, பயிருக்குப் பயன் கொள்கின்றார்கள். பயிர் எது என்பதிலே அவர்களுக்கு ஐயமில்லை. நீர் எப்பக்கம் வரும் என்பதை மாத்திரம் காலத்துக்கு விட்டுவிடுகின்றார்கள். அடிகளாருக்கும் பயிர் ஒன்றே: கற்பதும், கற்றதைப் பிறர்க்கு ஈவதும். பாடசாலை, மடம், பத்திரிகை, பல்கலைக்கழகம் என இடம் மாறிக்கொண்டே இருந்தது. பயிர் மாறவில்லை.

இடம் மாறியபோது முன்னர்க் கற்றது வீணாயிற்றோ எனின், அதுவும் இல்லை. இதற்குச் சான்று யாழ்நூல். பண்டைத் தமிழர் மீட்டிய யாழ் வழக்கொழிந்து நெடுங்காலம் ஆயிற்று. அதனைப் பற்றிய செய்திகள் சிலப்பதிகாரம் முதலிய நூல்களிலும் உரைகளிலுமே எஞ்சின. அவற்றைக் கொண்டு யாழின் அமைப்பையும் பண்களின் இயல்பையும் மீட்டெடுக்க அடிகளார் பதினான்கு ஆண்டுகள் உழைத்தார். பழைய செய்யுளை உணர்ந்து பொருள் கொள்ளுதற்குப் பண்டிதர் வேண்டும். தந்தியின் நீளத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிடுதற்கு விஞ்ஞானி வேண்டும். ஒரு தந்தியைப் பாதியாகக் குறைத்தால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காகக் குறைத்தால் பஞ்சமம் ஒலிக்கும். இவ்வாறே ஏனைய சுரங்களுக்கும் அளவு உண்டு. இவ்வளவுகளைக் கணித்து, பழந்தமிழ் இசைக்குறிப்புகளோடு பொருத்திப் பார்த்தல் தமிழ் மட்டும் கற்றார்க்கும் ஆகாது, விஞ்ஞானம் மட்டும் கற்றார்க்கும் ஆகாது. 1916-ஆம் ஆண்டிலே இருவேறு திசைகளாகத் தோன்றிய கல்வி இரண்டும் யாழ்நூலிலே ஒன்றாய்க் கூடின. டிப்ளோமாவுக்குப் படித்த இளைஞர், இப்படிப்பு பின்னொரு நாள் யாழுக்கு உதவும் என்று திட்டமிட்டிருக்க இயலுமோ? கைக்கு வந்த பாடத்தை முழுமனத்தோடு கற்றார். அது காத்திருந்து பயன் தந்தது.

1947-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு, யாழ்நூல் சோழநாட்டுத் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே அரங்கேறியது. அத்தலத்தின் கதை நம்மிற் பலர் அறிந்ததே. ஆற்றிலே வெள்ளம் பெருகி, ஓடக்காரர் ஓடம் செலுத்த அஞ்சிக் கட்டி வைத்திருந்த வேளையிலே, திருஞானசம்பந்தர் ஓடத்தை அவிழ்த்து அடியார்களோடு ஏறி, பதிகம் பாடிக் கரை சேர்ந்தார் என்பது வரலாறு. வெள்ளம் வடியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. வெள்ளத்தோடு போரிடவும் இல்லை. பாட்டு வழிநடத்த ஓடம் சென்றது. அடிகளாரின் நூல் அத்தலத்திலே அரங்கேறியது மிகப் பொருத்தமே எனத் தோன்றுகின்றது. அரங்கேற்றம் நடந்து ஏறத்தாழ ஆறு வாரங்களில், ஜூலை 19-ஆம் நாள், ஐம்பத்தைந்தாவது வயதிலே அடிகளார் கொழும்பில் மறைந்தார். அவர்தம் திருமேனி கல்லடியிலே, அவர் நிறுவிய வித்தியாலய வளவிலே அடக்கம் செய்யப்பெற்றது.

அடிகளாரின் உயரத்துக்கு நாம் நம்மை ஒப்பிடவில்லை. ஆயினும் அவர் நடந்த விதம் சிறியார்க்கும் இயல்வதே. நம் துன்பத்தின் பெரும்பகுதி கிடைத்தது தீயது என்பதனால் வந்ததன்று; கிடையாததை விடாது பிடித்திருந்ததனால் வந்தது. ஓட்டத்தோடு செல்லுதல் என்பது ஆசையே அற்றுச் சோம்பி இருத்தல் அன்று. அநீதியைக் கண்டும் வாய்மூடி இருத்தலும் அன்று. எது நம் பயிர் என்று தெளிந்து, அதற்கு வரும் நீர் எப்பக்கமிருந்து வந்தாலும் வக்கடையைத் திறந்து வைத்தலே அது. நம் பயிர், பிணியுற்றார்க்கு உதவுதல் என்று எண்ணியிருந்தோம். விஞ்ஞானபீடத்திலிருந்தும் அவ்வயலுக்கு வாய்க்கால் உண்டென்பதை இப்பொழுதுதான் காண்கின்றோம். பின்வரிசையை விடுத்து முன்வரிசையிலே அமர்ந்து குறிப்பெழுதத் தொடங்கியுள்ளோம். இரவிலே உறக்கமும் வருகின்றது.

பரீட்சை முடிவை எதிர்பார்த்தும், வந்த முடிவைக் கண்டு மனம் சோர்ந்தும் இருக்கும் தம்பி தங்கையர் நம்மூரிலே பலர் உளர். அவர்கள் ஒருநாள் பேருந்தேறிக் கல்லடிக்குச் சென்று அடிகளாரின் சமாதி முன்னே சிறிது நேரம் அமர்ந்து வருவார்களாக. நம்மூருக்கு அயலிலே பிறந்து, எங்கெங்கோ சென்று, எங்கும் முழுமனத்தோடு பணி செய்து, மீண்டும் நம் மண்ணுக்கே வந்து சேர்ந்த ஒருவர் அங்கே இருக்கின்றார். அவர் நாமம் வாழ்க!