கல் வீடு கட்டிய மனோதத்துவ டாக்டர்

பன்னிரண்டு வயதுகூட நிரம்பாத சிறுவன் அவன். சுவிட்சர்லாந்து நாட்டில் பாசல் நகரத்துப் பள்ளி மாணவன். 1887-ல் ஒருநாள், வேறொரு பையன் பிடித்துத் தள்ளியதில் தெருவோரக் கல்லில் தலை மோதி விழுந்தான்.

அது முதல் புத்தகத்தைத் தொட்டால் மயக்கம்! ஆறு மாதத்துக்கு மேல் பள்ளிக்கூடமே போகவில்லை. காட்டில் சுற்றித் திரிந்தான்.

தகப்பனார் ஏழைப் பாதிரியார். கையில் இருந்த பணமெல்லாம் கரைந்துவிட்டது, இவன் எப்படிப் பிழைக்கப் போகிறானோ என்று அவர் ஒருவரிடம் கலங்கியதை மகன் மறைந்து நின்று கேட்டான்.

உடனே ஓடிப்போய் லத்தீன் இலக்கணத்தை எடுத்தான். மயக்கம் வந்தது. விடவில்லை. மறுபடி வந்தது. அப்போதும் விடவில்லை. சில வாரங்களில் பள்ளிக்கூடம் போய்விட்டான்.

அவன்தான் பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற மனோதத்துவ டாக்டர் கார்ல் யுங்.

பிராய்டு சிநேகம்

1900-ல் ஜூரிச் மனநோய் ஆஸ்பத்திரியில் யுங் வேலைக்குச் சேர்ந்தார். 1907-ல் வியன்னா சென்று பிராய்டைச் சந்தித்தார். முதல் சந்திப்பிலேயே இருவரும் 13 மணி நேரம் பேசினார்களாம்!

சிநேகம் நீடிக்கவில்லை. மனநோய்க்கு வேர், அடக்கி வைத்த காம உணர்ச்சி என்றார் பிராய்டு. அது மட்டும் அல்ல என்றார் யுங். பசியைப் போலவே ஆன்மத் தாகமும் மனிதனோடு பிறந்தது என்பது அவர் கட்சி. ஒளியில் ஒரு முனை சிவப்பு, மறுமுனை ஊதா. மனமும் அப்படித்தான். ஒரு முனையில் உடலின் இச்சை, மறுமுனையில் ஆன்மா. எதை மிதித்து அடக்கினாலும் அது நோயாகக் கிளம்பும்.

1913-ல் இருவரும் பிரிந்தார்கள்.

ரத்த வெள்ளம்

அதே ஆண்டு அக்டோபரில், பிரயாணத்தின்போது, ஐரோப்பா வெள்ளத்தில் மூழ்குவதுபோல் ஒரு காட்சி கண்டார். வெள்ளம் ரத்தமாக மாறியது. பைத்தியத்துக்கு வைத்தியம் பார்த்த டாக்டர், தமக்கே பைத்தியம் பிடிக்கிறதோ என்று நடுங்கினார்.

ஏரிக்கரையில் கல் பொறுக்கி, குழந்தைபோல் சிறுசிறு வீடுகளும் தேவாலயமும் கட்டினார். மனம் கொந்தளித்தால் யோகப் பயிற்சி செய்தார். அடங்கியதும் நிறுத்திவிட்டு, உள்ளத்தில் எழுந்த காட்சிகளை மறுபடி கவனித்து எழுதினார். ஆனால் நோயாளிகளையும் குடும்பத்தையும் விடவில்லை. அந்தக் கடமைகள்தாம் அவரைக் காப்பாற்றின.

குடும்பத்திலும் குறை உண்டு. சிகிச்சைக்கு வந்த டோனி உல்ப் என்ற பெண்ணிடம் மனத்தைப் பறிகொடுத்தார். அந்த உறவு பல ஆண்டுகள் நீடித்தது. ஊருக்கு வைத்தியம் சொன்னவர் தம் இச்சையை ஆளவில்லை. அந்தப் பாரத்தைச் சுமந்தவர் மனைவி எம்மா.

1923-ல் பொல்லிங்கன் என்ற இடத்தில் ஏரிக்கரையில் கல் வீடு கட்டத் தொடங்கினார். மின்சாரம் கிடையாது. விறகு பிளப்பது, தண்ணீர் இறைப்பது, சமைப்பது எல்லாம் அவரே! 1955-ல் எம்மா இறந்தபின் அந்த வீட்டை உயர்த்திக் கட்டினார். 1961 ஜூன் 6-ந் தேதி, 85 வயதில் காலமானார்.

திருவனந்தபுரத்தில்

1938 ஜனவரியில் கல்கத்தாவில் நடந்த விஞ்ஞான மாநாட்டுக்காக யுங் இந்தியா வந்திருந்தார். சீதபேதி கண்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். திருவண்ணாமலை செல்ல வாய்ப்பு இருந்தும், ரமண மகரிஷியைப் பார்க்காமலே திரும்பினார்.

ஆனால் திருவனந்தபுரத்தில் மகரிஷியின் சீடர் ஒருவரைக் கண்டார். ஆரம்பப் பள்ளி வாத்தியார்போல் எளிய மனிதர். வீடு நிறையப் பிள்ளைகள். மூத்த மகனுக்காகப் பெரிய தியாகங்கள் செய்துவந்தார். அப்படியும் குருபக்தி குறையவில்லை. வெறும் ஞானியாக மட்டும் இருப்பவரைவிட, பிள்ளைகளுக்குச் சோறும் போட்டு, ஞானமும் தேடும் இந்த மனிதரே மேல் என்று யுங்குக்குப் பட்டது.

1944-ல் ரமணரைப் பற்றிய ஜெர்மன் நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதியபோது, அந்தச் சீடரை மறக்காமல் குறிப்பிட்டார்.