கலத்தின் நாணயத்தைக் கண்ட சுப்பாராவ்

அப்பமாவைப் பொங்கச் செய்யும் மதுவத்துக்கும் அந்த அப்பத்தை உண்ணும் நமக்கும் பொதுவான நாணயம் ஒன்று உண்டு. அதுவே அடினோசின் முப்பொசுபேற்று என்னும் நியூக்கிளியோதைட்டு. உயிர்க்கலம் தன் வேலைகளிற் பெரும்பாலானவற்றுக்கு இந்நாணயத்தையே செலவிடுகின்றது. இதனை முதன்முதற் கண்டவர்களுள் ஒருவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். இரசாயனம் பயிலும் நாம் ஆய்வுகூடத்தில் அவர் பெயரை ஒரு முறையின் பெயராகவே உச்சரிக்கின்றோம். அப்பெயருக்குப் பின்னே ஒரு மனிதர் நின்றார் என்பதை எண்ணுவதில்லை.

1895ஆம் ஆண்டு தை மாதம் 12ஆந் திகதி அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் அவர் பிறந்தார். படிப்பில் நாட்டமின்றிப் பதின்மூன்றாம் வயதில், யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பொருளீட்டலாமென்று காசிக்குப் புறப்பட்டார். அன்னையார் விடவில்லை, ஆளனுப்பி அழைப்பித்தார். மற்றிக்குலேசன் பரீட்சையில் மூன்றாம் முறையே தேறினார். பின்னர் துறவு பூண்டு இராமகிருஷ்ண மிஷனிற் சேர விரும்பினார். மிஷன் பெரியோர் வைத்தியம் கற்று மக்களுக்குத் தொண்டு செய்யும்படி வழிகாட்டினர். 1919இற் சேஷகிரி அம்மையாரை மணந்தார்.

சென்னை வைத்தியக் கல்லூரியிற் பயின்றபோது காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சத்திரசிகிச்சைக் கூடத்திலும் கதராடையே அணிந்தார். ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் இதனால் முகஞ்சுளித்தார், எம்.பி.பி.எஸ். பட்டம் எட்டாமற் போய், அதனிற் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது. அவருடன் பிறந்தோர் இருவரைச் ‘ஸ்புறூ’ என்னும் குடல்நோய் சில நாள் இடைவெளியிற் கொண்டுபோயிற்று. அத்துயர் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1922இல் மனைவியாரை ஊரில் விட்டுப் பொஸ்ரன் நகரை அடைந்தார்.

அங்கே கைப்பணம் போதவில்லை. வைத்தியசாலையொன்றில் இரவுக் காவலாளாய் நோயாளரின் மலசலப் பாத்திரங்களைச் சுத்தஞ் செய்துகொண்டே ஹாவாட் சர்வகலாசாலையிற் படித்தார். சைறஸ் பிஸ்க் என்பவரோடு சேர்ந்து, குருதியிலும் சிறுநீரிலும் உள்ள பொசுபரசை நீலநிறத்தின் ஆழங்கொண்டு அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். தசைச்சாற்றை அம்முறையால் அளந்தபோது நிறம் உடனே முழுமையாகத் தோன்றாது மெல்ல மெல்லக் கூடிற்று. பிறர் இதனைப் பிழையென்று தள்ளியிருப்பர். அவர்களோ காரணம் தேடினர். எளிதில் உடையும் கிரியேற்றின் பொசுபேற்று 1927இல் வெளிப்பட்டது. 1929இல் அடினோசின் முப்பொசுபேற்றும் கிடைத்தது. அதே ஆண்டில் ஜேர்மனியிற் கார்ல் லோமன் என்பவரும் அதனைத் தனியே கண்டார்.

இந்நாணயத்தைச் செலவாக்குபவை நொதியங்கள். அவை நீரின் துணையுடன் கடைசிப் பொசுபேற்றைப் பிரிக்க, சத்தி வெளிப்படும். தசையைச் சுருக்கும் மயோசின் என்னும் புரதமே அத்தகைய நொதியமென்று 1939இல் இரசிய விஞ்ஞானிகளான எங்கல்ஹாட்டும் லியூபிமோவாவும் காட்டினர். மதுவக் கலத்தின் மென்சவ்விலுள்ள நொதியம் ஐதரசன் அயன்களை வெளியே தள்ளுகின்றது. முலையூட்டிகளின் கலத்திலோ மூன்று சோடியம் அயன்கள் வெளியே செல்ல, இரண்டு பொற்றாசியம் அயன்கள் உள்ளே வருகின்றன. இந்நொதியங்களின் வேகத்தை அறிவதெப்படி? பிரிந்த பொசுபேற்றை அளந்தேயாம். அதற்குப் பல்லாண்டு காலம் ஆய்வாளர் கைக்கொண்டது பிஸ்க்–சுப்பாராவ் முறையே.

இத்தனை செய்தும் ஹாவாட்டில் அவருக்கு நிரந்தரப் பதவி கிட்டவில்லை. 1940இல் நியூயோர்க் மாநிலத்திலுள்ள லெடர்லே மருந்து ஆய்வுகூடத்திற் சேர்ந்தார். அவர் தலைமையில் அங்கு போலிக்கமிலம் செயற்கையாக ஆக்கப்பட்டது. உடன்பிறந்தாரைக் கொன்ற ஸ்புறூவுக்கு அதுவே மருந்தாயிற்று. அதனை எதிர்க்கும் அமினோப்ரெறின் என்னும் மருந்தைக் கொண்டு சிட்னி ஃபார்பர் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணித்துக் காட்டினார். யானைக்கால் நோய்க்குரிய ஹெற்றசான் மருந்தும் அக்கூடத்திற் பிறந்ததே. அம்மருந்து நம் இலங்கையிலும் மக்களுக்கு வழங்கப்பட்டது. 2016இல் அந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இங்கு இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

1948ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், 53ஆம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீத்தார். நோபெல் பரிசு அவரை நாடி வரவில்லை. இருபத்தாறு ஆண்டுகளாகத் தாய்நாட்டை மீண்டும் காணவில்லை. புறப்பட்டபின் பிறந்து, குழந்தையாகவே இறந்த மகனின் முகத்தையும் கண்டதில்லை. அவருடைய வாழ்வைப் போற்றும்போது, காத்திருந்தே காலங்கழித்த சேஷகிரி அம்மையாரின் தியாகத்தை மறந்தால் நாம் நன்றி கொன்றவராவோம்.

துறவியாக விரும்பிய இளைஞர் காவியுடுக்கவில்லை; ஆயினும் தமக்கென எதனையும் தேடாமலே போனார். பரீட்சையில் இருமுறை தவறிய மாணவரும் அவரேயென்பது நம்மிற் பலருக்கு ஆறுதலாகும். இனி ஆய்வுகூடத்திற் குழாயில் நீலநிறம் எழும்போது, அவரையும் அம்மையாரையும் ஒரு கணம் நினைப்போமாக.