விண்மீன்களின் எல்லை கண்ட சந்திரசேகர்

குலசேகரன்பட்டினத்துக் கரையிலிருந்து மரக்கலம் செலுத்திய நம் முன்னோர்க்கு விண்மீன்களே வழிகாட்டி. அல்தபரான், ரிகல் என அவற்றுட் பல இன்றும் அரபுப் பெயராலேயே உலகெங்கும் வழங்குகின்றன. அவ்வூரில் 2024 பிப்ரவரி 28 அன்று நாட்டின் இரண்டாம் விண்கல ஏவுதளத்திற்கு அடிக்கல் நாட்டப்பட்டபோது, கப்பலில் அமர்ந்தே விண்மீன்களின் விதியைக் கணக்கிட்ட தமிழர் ஒருவர் நினைவில் எழுந்தார்.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910 அக்டோபர் 19 அன்று லாகூரில் பிறந்தார். தந்தையார் இரயில்வே கணக்குத் துறை அதிகாரி. தாயார் சீதாலட்சுமி இப்சனின் நாடகத்தைத் தமிழாக்கியவர். தமிழ்த்துறை மலரில் இதனைச் சொல்லாது விடலாகாது. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பலேறினார். வயது பத்தொன்பது. பயணத்தில் அவர் தொடங்கிய கணக்கு பின்னர் முழுமை பெற்றது: எரிபொருள் தீர்ந்த விண்மீனின் நிறை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மிகுந்தால், அது வெண்குறு மீனாக நிலைபெறாது. மேலும் சுருங்கியே தீரும்.

1935 ஜனவரி 11 அன்று இலண்டன் வானியல் கழகத்தில் இம்முடிவை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்த எடிங்டன் அதனை நகைப்புக்கு உள்ளாக்கினார். 1919 கிரகணத்தின்போது ஐன்ஸ்டீன் கொள்கைக்குச் சான்று தேடித் தந்த அதே எடிங்டன்! கணக்குச் சரியென்று உணர்ந்த பெரிய இயற்பியலாளர்களும் வெளிப்படையாக வாய் திறக்கவில்லை. அந்த மௌனமே இளைஞரை மிகுதியும் வருத்தியிருக்கும் என்பது எம் எண்ணம். ஆயினும் அவர் பகை பாராட்டவில்லை. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகப் பணியில் சேர்ந்து, இறுதிவரை அங்கேயே உழைத்தார்.

எல்லை கடந்த விண்மீன் என்னவாகும்? 1932-இல் நியூட்ரான் கண்டறியப்பட்டபின் ஒரு விடை பிறந்தது. 1967-இல் துடிப்பு மீன்கள் கண்ணுக்கு அகப்பட்டபோது அது உறுதியாயிற்று. சூரியனை விஞ்சும் நிறை, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் ஆரமுள்ள கோளத்துள் அடங்கிக் கிடப்பதே நியூட்ரான் விண்மீன். ஈர்ப்பின் கடுமையைக் குறிக்கும் எண், சூரியப் பரப்பில் பத்து இலட்சத்தில் 2. இங்கோ பத்தில் 2. ஆகவே, ஐன்ஸ்டீனுக்கு மாற்றாக எழுந்த ஈர்ப்புக் கொள்கைகளை உரைத்துப் பார்க்க இதனினும் சிறந்த உரைகல் அரிது. 1960-களில் சந்திரசேகரும் இத்துறைக்கு வந்தார். நியூட்டன் கணக்கிற்கு மேற்பட்ட ஐன்ஸ்டீன் திருத்தங்களைப் படிப்படியாகக் கணிக்கும் சமன்பாடுகளை 1965-இல் வகுத்தார். கொள்கைகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் பிற்கால முறைகளுக்கு அவ்வகைக் கணிப்பே அடித்தளம்.

1974-இல் கண்டறியப்பட்ட இரட்டை நியூட்ரான் விண்மீன்களின் சுற்றுக்காலம், ஈர்ப்பலைகளால் ஆற்றல் இழந்து, ஐன்ஸ்டீன் கணித்தபடியே குறைந்து வந்தது. சந்திரசேகர் 1983-இல் நோபல் பரிசு பெற்று, 1995 ஆகஸ்டு 21 அன்று மறைந்தார். 1999-இல் விண்ணேறிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்குச் சந்திரா என்று பெயரிட்டனர்.

2017 ஆகஸ்டு 17 அன்று, இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதிய ஈர்ப்பலை புவியை எட்டியது. ஏறத்தாழ 13 கோடி ஒளியாண்டு கடந்தும், 1.7 வினாடி இடைவெளியில் காமாக் கதிரும் வந்து சேர்ந்தது. ஈர்ப்பலையும் ஒளியும் வெவ்வேறு வேகத்தில் செல்லும் என்ற மாற்றுக் கொள்கைகள் பல அன்றே வீழ்ந்தன. அம்மோதலிடத்தின் எக்ஸ்-கதிரை ஒன்பதாம் நாள் முதன்முதலாகக் கண்டது சந்திரா தொலைநோக்கியே.